எண் கேட்ட குரல்

கடை முதலாளி நல்லையா புது டெலிபோனை மேசை நடுவில் வைத்து, தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்தார். பழையதில் முகமே கிடையாது. இதற்கு வட்டமாக ஒரு முகம், அதைச் சுற்றி எண்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலை செய்யும் என்று டெலிபோன் ஆபீஸ்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதற்குள் எங்கள் தெருவான ஜாலான் துக்காங் எமாஸின் பாதிக் கடைக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

“பாத்தியா தியாகு, இனிமே எவ தயவும் வேணாம். வெரல வுட்டுச் சுத்துனா செமாபோக்குல மணி அடிக்கும். மெர்டேக்கான்னா இதான்லா மெர்டேக்கா!”

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் நல்லது எது நடந்தாலும் முதலாளி அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த மளிகைக் கடையில் நான் கணக்கெழுதும் கிராணி. காலையில் கடை திறந்ததும் செமாபோக் கிட்டங்கிக்குப் போன் போட்டு, என்ன சரக்கு வந்திருக்கிறது என்று கேட்பது என் வேலை. ரிசீவரை எடுத்தால் டெலிபோன் ஆபீசில் எங்கள் விளக்கு எரியும். அங்கே பலகை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி, “நொம்போர் பெராபா?” என்று எண் கேட்பாள். கம்பியைச் செருகி இணைப்பாள். எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒருத்திதான். சற்றுத் தடித்த குரல், அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி. கேள்வியை முடிக்கும்போது மட்டும் லேசாகச் சிரிப்பு தட்டும். அந்தச் சிரிப்புக்காகவே நான் கடையைச் சீக்கிரம் திறந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பின்னாலிருந்து யாரோ அவளை “மீனாச்சி” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. நம்ம ஆள் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் தமிழில் பொரிந்து தள்ளினேன். ஊர் எது, அப்பா யார், சாப்பிட்டாச்சா என்று. எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு மலாயில், தனக்குத் தமிழ் வராது, தான் காஜா பெராங்கில் இருக்கும் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண் என்றாள். பேரெல்லாம் தமிழ், கும்பிடுவது மாரியம்மன், பேச்சு மட்டும் மலாய். அவர்கள் இங்கே வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தக் குரல் தமிழ் பேசும் என்று ஏனோ நம்பிவிட்டேன். அசடு வழிந்தது. நல்லவேளை, கம்பியில் முகம் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் எண் கேட்பதை விட்டுவிட்டாள். “செமாபோக்?” என்பாள். ஆமாம் என்பேன். மேற்பார்வைக்கார அம்மாள் பின்னால் நடந்துகொண்டே இருப்பதால் அரட்டை கூடாது. அந்தம்மா தூரம் போகிற நேரத்தில் ஒரு வாக்கியம் வரும். மழையில் துணி காயவில்லை. உங்களுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது, இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள். போகிக்கு மறுநாள், வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படையல் வைத்ததாகவும், அப்பாவுக்குப் பிடித்த சுருட்டையும் இலையோரம் வைத்ததாகவும் சொன்னாள். அன்றைக்கு நாள் முழுக்க மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் அந்தச் சுருட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தை நினைக்க வழியில்லாதவன் வேறு எதைத்தான் நினைப்பான்?

சனிக்கிழமை காலை ரிசீவரை எடுத்தேன். செமாபோக்கா என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். பின்னே எங்கே என்றாள். எங்கேயும் வேண்டாம் என்றேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, திங்கட்கிழமையிலிருந்து வெளியூர்ப் பேச்சுக்கு மட்டும்தான் ஆள் வேண்டுமாம், எல்லோரையும் வைத்துக்கொள்ள மாட்டார்களாம், வைத்துக்கொள்கிறவர்களில் தன் பேர் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை என்றாள். மெஷினுக்குத் தொண்டை கட்டாது என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. காஜா பெராங்கில் எந்த வீடு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள், விளக்குகள் எரிகின்றன, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி என்னைச் செமாபோக்கில் செருகிவிட்டாள். கிட்டங்கிக்காரன் “அலோ, அலோ” என்று கத்தினான்.

திங்கட்கிழமை முதலாளி தன் கையாலேயே சுற்றினார். சீனர் ஒருவரின் சவப்பெட்டிக் கடை எடுத்தது. “காலங்காத்தால நல்ல எடமா பாத்துக் குடுக்குது!” என்று ரிசீவரை வைத்துவிட்டு, மறுபடி சுற்றினார். ஒரு ‘கொர்ர்’, பிறகு மணி. யாரும் எதுவும் கேட்கவில்லை. வேகமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மதியம் அவர் சாப்பிடப் போனதும், வெளியூர் இணைப்புக்குச் சுற்றி ஈப்போ வேண்டும் என்றேன். ஈப்போவில் எனக்கு ஈ காக்கைகூடத் தெரியாது. எடுத்தது வேறு குரல். மீனாச்சி இல்லையா என்று கேட்டேன். சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள் என்றது. ஈப்போவில் எந்த எண் என்றும் கேட்டது.

எங்கள் கடை எது என்று அவளுக்குத் தெரியும். பெருங்காயம் வாங்குகிற சாக்கில் வரலாமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமான் கேட்கிற ஒவ்வொரு பெண் குரலுக்கும் தலை தானாக நிமிர்ந்தது. ஏங்கிப்போனேன், அவ்வளவுதான். இதற்கு வேறு வார்த்தை தேடுவானேன்.

மே மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலிலிருந்து காஜா பெராங் மாரியம்மன் கோயிலுக்கு ரதம் புறப்பட்டபோது நானும் பின்னாலேயே நடந்தேன். கோயில் பந்தலில் சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாகப் பெண்கள் பாய் விரித்துப் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. வயதான ஒரு பெண்மணி, யாரைத் தேடுகிறாய் என்று மலாயில் கேட்டாள். மீனாச்சியைப் பார்க்க வேண்டும் என்று நானும் மலாயில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“மீனாச்சி மானா சத்து?”

எந்த மீனாச்சி? பந்தலில் நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. அத்தனை பேரும் மீனாச்சிகள்! பேச்சு மொத்தமும் நின்றுபோனது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு என் குரல் தெரியும். இவர்களில் ஒருத்தி அவள் என்றால், வந்திருப்பது யார் என்று இந்நேரம் தெரிந்துகொண்டிருப்பாள். பேசுவதும் பேசாததும் இனி அவள் இஷ்டம். செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். தூணோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி, பாதி கட்டிய சரத்தை மடியில் வைத்துவிட்டு, பல்லில் கடித்திருந்த நாரை மெதுவாக எடுத்தாள்.