எரியாத நிழல்

வால்டெனிர் தன் காட்டைக் கொளுத்தியபோது மரங்கள் எரிந்தன, அவற்றின் நிழல் எரியவில்லை. பாரா மாநிலத்தின் தெற்கே, வில்லா ஜாத்தோபா என்ற ஊரில் மேய்ச்சலுக்காகக் காட்டைக் கொளுத்துவது புதிதல்ல. சாம்பல் அடங்கிப் புல் முளைத்த பிறகும், வெறும் வெளியில் அந்தப் பெருமரங்களின் நிழல் காலையில் மேற்கே நீண்டது, மாலையில் கிழக்கே சாய்ந்தது. காற்றடித்தால் கிளைகளின் நிழல் அசைந்தது. அவனுடைய திமில் வைத்த வெள்ளை மாடுகள் அதில் படுத்து அசைபோட்டுக் கொழுத்தன. கசாப்பு ஆலைக்காரர்கள் அவற்றைத்தான் முதலில் வாங்கிப் போனார்கள்.

ஊரில் மற்றவர்கள் ஓடைக்கரையில் கொஞ்சம் காட்டை விட்டுவைத்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் ஜெனிவால் ஒருநாள் அந்த நிழலில் நின்று மேலே பார்த்தான். வானம்தான் தெரிந்தது. மண்ணெண்ணெய் வாங்கக் கிளம்பியவனை வால்டெனிரின் மனைவி டோர்வலினா மறித்தாள்.

"எங்களுக்கு ஏன் நெழல் நின்னுச்சுன்னு எங்களுக்கே தெரியலப்பா. உனக்கும் நிக்கும்னு யாரு சொன்னது?"

"நீங்க மட்டும் ஒசத்தியா என்ன? புல்லும் கெடைக்கும், நெழலும் கெடைக்கும். சும்மா விடச் சொல்றியா?"

அவன் கொளுத்தினான். அவனைப் பார்த்து ஊரே கொளுத்தியது. மாதக்கணக்கில் புகை நின்றது, பிள்ளைகள் இருமினார்கள். புகை விலகியபோது அவர்கள் கொளுத்திய எந்த நிலத்திலும் ஓர் இலையின் நிழல்கூட இல்லை. அடுத்த கோடையில் ஓடை வற்றியது. மழை வருவதாக இருந்து வராமல் போயிற்று. மாடுகள் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தன, பருந்துகளுக்கு இறங்கவே நேரம் போதவில்லை.

மிச்சம் இருந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு ஜெனிவால் ஒரு நண்பகலில் வால்டெனிரின் வேலிக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வால்டெனிர் வேலிக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி யோசித்தான். தன் மாடுகளுக்கே புல் போதாது. இவனை உள்ளே விட்டால் ஊரையே உள்ளே விட வேண்டிவரும்.

"உள்ள விடு," என்றாள் டோர்வலினா. "அதுங்க என்ன பண்ணுச்சு?"

அவன் திறந்தான். அதன் பிறகு அந்தக் கதவைச் சாத்த வேலை வரவில்லை. இப்போது வில்லா ஜாத்தோபாவின் மாடுகள் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. மிதிபட்டு மிதிபட்டுப் புல் போய்விட்டது, தீவனம் லாரியில் வருகிறது. விடியும்போது மந்தை மேற்கே நிற்கும். நிழல் சுருங்கச் சுருங்க நெருங்கும், பிறகு நிழலோடு மெல்லக் கிழக்கே போகும். மந்தை நகரும் அந்த நேரத்தில் தீவன லாரிகள் ஓரமாக நின்று வழிவிடும்.