தண்ணீர் குடித்த திராட்சை

சும்மா இரு என்றால் சும்மா இருக்கத் தெரியவேண்டும். அந்த வித்தை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு ஏழு தலைமுறைக்கும் வராது. பயிருக்குப் பக்கத்தில் நின்றால் கை சும்மா நிற்காது. கொத்தும், கட்டும், இறைக்கும். குகதாசன் கெட்டதும் அதனால்தான்.

சுவிசில் லெமான் ஏரிக்கு மேலே, கல்மதில் கட்டிப் படிபடியாக இறங்கும் திராட்சைத் தோட்டங்களில் ஒன்று மிஸ்யூ பாஷுடையது. எழுபதை நெருங்கிய மனிதர். பெண்சாதி செத்துப்போனாள், பிள்ளைகள் இல்லை. இளவயதில் பிரான்சுக்குப் போய், பர்கண்டியில் வைன் வேலை பழகி வந்தவர். ஊரில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு, ஏனென்றால் வாய் தவறியும் பொய் சொல்லமாட்டார். அவரிடம் குகதாசன் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கோடை அது. எண்பத்தைந்தாம் ஆண்டு. உரும்பிராயில் அவன் தகப்பனுக்கு ஒரு பந்தல் முந்திரிகை இருந்தது. யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு முந்திரிகை என்றுதான் பெயர். "முந்திரிகை வேலை எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித்தான் வேலையைப் பிடித்தான்.

அந்த வருடம் வைகாசியில் அவனுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். கார்த்திகையில் லொசான் நகரத்தில் அகதி விஷயம் பார்க்கிற கந்தோரில் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதோடு சரி, மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அவனோடு ஒரே விமானத்தில் வந்த சண்முகலிங்கத்தை மாசியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கொழும்பில் இறங்கியது தெரியும். அதற்குப் பிறகு பெற்ற தாய்க்குக்கூட ஒரு சேதி இல்லை.

மனு தள்ளுபடியான அன்று குகதாசன் கொடிகளுக்கு நடுவில் குந்தியிருந்து அழுதான். பாஷ் பார்த்துவிட்டார். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சுதான். நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன், அதுதான் வசதி.

"அழாதை. அறுவடை முடியட்டும். நான் நேரை வந்து சொல்லுறன், இவன் இல்லாட்டி என்ரை தோட்டம் இல்லை எண்டு. நான் சொன்னா அவங்கள் கேப்பாங்கள்."

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் குகதாசன் அந்தக் கோடை முழுக்க மூச்சு விட்டான்.

ஆவணியில் பாஷ் மதிலிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆசுபத்திரியில் படுத்தபடி அவனுக்கு வேலை சொன்னார்.

"இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை. மருந்து அடிச்சாச்சு, குலை குறைச்சாச்சு. குருவி கொத்தாமல் வலையை மட்டும் பார். மற்றப்படி கை வையாதை."

"தண்ணி?" என்று கேட்டான் குகதாசன்.

கிழவர் வலியையும் மறந்து சிரித்தார். "தண்ணியோ? கொடி தவிக்கவேணும் குகா. மேலை தண்ணி கிடையாட்டித்தான் வேர் கல்லைப் பிளந்துகொண்டு கீழை போகும். பழம் சின்னனாய் நிக்கும், சீனியெல்லாம் அதுக்குள்ளை சுண்டும். அந்தச் சீனி புளிச்சுத்தான் வைன் ஆகிறது. வயிறு நிறையக் குடிச்ச கொடி தாறது வைன் இல்லை, சர்பத்து."

குகதாசனுக்குப் பிரெஞ்சு அரைகுறை. 'தவிக்கவேணும்' என்றது மட்டும் விளங்கியது. விளங்கியதை அவனால் நம்ப முடியவில்லை. நோவுக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில் கிழவர் புலம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு வானம் ஒரு சொட்டு விழுத்தவில்லை. புரட்டாதி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. கொடியின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. குலைகளில் பழம் பட்டாணி அளவில் நின்றுவிட்டது. பயிர் தவிக்கிறதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மனிதனா? உரும்பிராயில் ஒருவன் அப்படிச் செய்தால் அயலட்டை காறித் துப்பும். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இந்தத் தோட்டம் காய்ந்து கருகினால் கிழவர் எந்த முகத்தோடு கந்தோரில் வந்து, 'இவன் இல்லாட்டி என்ரை தோட்டம் இல்லை' என்று சொல்லுவார்?

மருந்தடிக்கிற தண்ணீர்க் குழாய் மதில் ஓரத்தில் இருந்தது. ஒரு விடியற்காலை அதைத் திறந்தான்.

அடடா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கொடிக்குக் கொடி சின்னப் பாத்தி கட்டினான். மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்குத் தண்ணீர் இறங்க வாய்க்கால் வெட்டினான். சரளை மண் மடக்கு மடக்கென்று குடித்தது. காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்ததும் எழும்பும் வாசம் சுவிசிலும் அதே வாசம்தான். நாட்டை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் தான் ஒரு வேலை தெரிந்த மனிதன் என்ற நினைப்பு அவனுக்கு முழுசாக வந்தது. அறுவடை நெருங்கும் வரைக்கும் விடிந்தால் இறைப்புத்தான். பழங்கள் உப்பின, மினுங்கின, குலைகள் கனத்துத் தொங்கின.

லொசானில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் அவனுடைய அக்கா தில்லைநாயகி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒரு குலையைப் பிடுங்கி வாயில் போட்டாள்.

"உச்! நல்ல தண்ணிப் பழமடா தம்பி. கிழவன் கண்டால் உன்னைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சும்."

கிழவர் ஊன்றுகோலோடு வந்து இறங்கியது புதன்கிழமை. முதல் படியிலேயே நின்றுவிட்டார். கொடிகளைப் பார்த்தார். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார், துப்பினார். இன்னொரு கொடியில் பிய்த்தார், அதையும் துப்பினார். பிறகு சட்டைப் பையிலிருந்து, பழச்சாற்றில் எவ்வளவு சீனி என்று கண்ணில் வைத்துப் பார்க்கும் குழலை எடுத்து, ஒரு துளியைப் பிழிந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"என்ன நடந்தது?"

குகதாசன் அந்த முகத்தைப் பார்த்தான். என்ன பிழை என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பெரிய பிழை என்பது தெரிந்துவிட்டது.

"மழை" என்றான்.

பாஷ் மதிலுக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோலை நீட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் இலையெல்லாம் மஞ்சள், பழமெல்லாம் பொடிசாய்த் தேன் நிறத்தில் இருந்தன. "மழை மதில் பார்த்தோ பெய்யும்?"

அவ்வளவுதான். குகதாசன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். ஐரோப்பாக்காரரின் காலில் விழுந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பதறிப் பின்வாங்கினார், ஊன்றுகோல் சறுக்கி இன்னொரு முறை விழப்பார்த்தார். மண்ணில் கிடந்தபடியே தெரிந்த பிரெஞ்சும் தெரியாத பிரெஞ்சுமாக அவன் எல்லாவற்றையும் ஒப்புவித்தான். குழாய், பாத்தி, வாய்க்கால், விடியற்காலை, எல்லாம். கிழவர் திட்டியிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும். திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறிப் போய்விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பிறகு தொடங்கியது சனி. தண்ணீர் குடித்து உப்பிய பழங்கள் தோல் வெடித்தன. வெடிப்பில் குளவி மொய்த்தது, குளவி விட்டதில் சாம்பல் பூஞ்சணம் பிடித்தது. இன்றைக்கு ஒரு குலையில் என்றால் நாளைக்கு அந்தக் கொடி முழுக்க. குகதாசன் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை சின்னக் கத்தரிக்கோலோடு அழுகியதை நறுக்கிக்கொண்டே இருந்தான். நறுக்க நறுக்க அழுகியது. "முருகா, ஒரு கிழமை காத்து அடி. முருகா, காய வை" என்று வாய் முணுமுணுத்தபடி இருந்தது. மழை வேண்டிக் கும்பிட்ட வம்சத்தில் பிறந்தவன் மழை வராதே என்று கும்பிட்டான். கடைசிக் கிழமையில் மழையும் வந்தது.

அறுவடை செய்து பிழிந்த சாறு வழக்கமாக வாங்குகிற வியாபாரி கேட்கும் சீனி அளவுக்கு எட்டவில்லை. சீனி கரைத்து ஊற்றலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குகதாசன்தான் ஓடிப்போய்க் கேட்டான், சீனி மூட்டை தூக்கி வரட்டுமா என்று. "சீனி போட்டா வெறி ஏறும். ருசி ஏறாது" என்றார் பாஷ். அந்த மாதத்தில் அவர் அவனோடு பேசியது அவ்வளவுதான். வைனில் தன் பெயரை ஒட்டாமல், கலப்புக்கு வாங்குகிற ஒருவனுக்குத் தொட்டியோடு விற்றுவிட்டார்.

கந்தோருக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. கிழவர் வருவாரா? கேட்க நாக்கு எழவில்லை. குகதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சண்முகலிங்கம் பெட்டியோடு கொழும்பில் இறங்குவதுதான் தெரிந்தது. பின்னேரங்களில் மதிலில் இருந்து ஏரியைப் பார்த்தான். அக்கரை பிரான்ஸ். கண்ணுக்கு முன்னால் வீடுகளின் ஓடு தெரிகிறது.

"அங்காலை போயிடுவமோ அக்கா?" என்று கேட்டான்.

"போய்? அங்கையும் பிடிச்சு அனுப்பினா?" தில்லைநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "விசரா, உன்னை ஆரடா தண்ணி ஊத்தச் சொன்னது? கைகாலை வைச்சுக்கொண்டு பேசாமல் இருக்கேலாதோ உனக்கு?" திட்டிவிட்டு அவளே அழத் தொடங்கினாள். "நான் ஒருத்தி, அந்தப் பழத்தைத் திண்டுபோட்டு நல்லாயிருக்கெண்டு சொன்னனே!"

அந்த நாள் விடிந்தது. ஊர் ஸ்டேஷனில் அக்காவும் தம்பியும் நின்றார்கள். ரயில் வருவதற்குச் சற்று முன்னால் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, ஊன்றுகோலை ஊன்றி, பாஷ் வந்தார். வணக்கம் என்று தலையசைத்தார். லொசான் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். குகதாசனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, பயம்தான் கூடியது. இந்த மனிதர் பொய் சொல்லமாட்டாரே! பொய் சொல்லாமல் இப்போது எதைச் சொல்லுவார்?

கந்தோரில் ஒரு அதிகாரிப் பெண் இருந்தாள். கெட்டவள் இல்லை, களைத்தவள். அக்காவுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். தம்பியின் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேள்விகள் முடிந்ததும் அதிகாரி பாஷின் பக்கம் திரும்பினாள்.

"இவர் இல்லாமல் உங்கட தோட்டம் நடக்காது, அப்பிடியோ?"

பாஷ் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார். "இவன் இல்லாட்டி இந்த வருஷம் நல்லா நடந்திருக்கும்."

தில்லைநாயகி மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. குகதாசன் எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். உரும்பிராயில் அம்மாவுக்கு யார் சொல்லுவது என்று நினைத்தான்.

"நாப்பது வருஷத்திலை நான் என்ரை பேர் ஒட்டாமல் வித்த வைன் இது ஒண்டுதான்" என்றார் கிழவர். குரல் உயர்ந்தது. "தண்ணி விட்டுக் கெடுத்துப்போட்டான். நான் சாகக் கிடந்தாலும் மறக்கமாட்டன். ஏன் விட்டவன்? கொடி தவிக்கிறதைப் பாக்கேலாமல் விட்டவன். நீங்கள் இப்ப இவனைத் தூக்கி அனுப்பினா கெட்டுப்போன என்ரை வருஷத்தை எனக்கு ஆர் திருப்பித் தாறது? நீங்களோ? கெடுத்தவன் இருந்து திருத்திப்போட்டுப் போகட்டும்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். எழும்பி உள்ளே போய் யாரோடோ கதைத்தாள். வெளியே வந்து, அடுத்த அறுவடை முடியும் வரை இருக்கலாம், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றாள்.

தெருவுக்கு வந்ததும் தில்லைநாயகி நடைபாதையிலேயே கைகூப்பினாள். "ஒரு வருஷமடா குகன்! ஒரு முழு வருஷம்! அந்த மனிசன் தெய்வமடா." தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடா? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"அக்கா, வாற வருஷம் முந்திரிகை நல்லா வந்தா?"

"வந்தா என்ன, நல்லதுதானே!"

"நல்லா வந்தா நான் திருப்பிக் குடுத்தாச்சு. பிறகு என்ன சொல்லி என்னை வைச்சிருப்பார்? அனுப்பிப்போடுவாங்கள். வராட்டி, இந்த மனிசன் இடிஞ்சு போயிடும். இன்னொருக்கால் அந்த முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது. நான் முருகனிட்டை எதைக் கேக்கிறது, சொல்லுங்கோ அக்கா?"

தில்லைநாயகி அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த பாஷ் அவர்களுக்காக நின்றார். முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெளிவு. மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாரல்லவா.

"தை பிறக்கக் கொடியைக் குறைச்சு வெட்டவேணும்" என்றார். "நான் பக்கத்திலை நிண்டு சொல்லித் தாறன். வாற வருஷம் நல்ல பழம் எடுக்கிறம், என்ன குகா?"

கிழவர் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மிஸ்யூ" என்றான் குகதாசன். "நல்ல பழம் எடுக்கிறம்."