அடுத்த கப்பல்

பதினேழு நாட்களாக அற்புதராணி அந்த ஒரு வசனத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த ஒருவர், அவள் வேலை பார்க்கும் கந்தோர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனது அது. அங்கே இருக்கும் சூசைதாசனைப் பற்றியது. அம்மாவோ, உயிர்த்த ஞாயிறு முடிய மகளுக்கும் சூசைதாசனுக்கும் கலியாணம் என்று குருநகர் முழுவதும் சொல்லி வைத்திருந்தாள். இராச்சாப்பாட்டுக்கு இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று அற்புதராணி தினமும் நினைப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் இடியப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சொதி கேட்பாள்.

அந்த வருடம், எண்பத்து மூன்றில், சுதந்திர தினத்துக்குச் சனங்களைப் பழைய இடங்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதென்று கந்தோரில் முடிவாயிற்று. கந்தோர்க்காரர் அந்தக் காலத்து ஆட்களைப் போல உடுத்து நின்று கதைக்கவும் வேண்டும். ஊரில் பாதிப்பேர் அந்த நாளைக் கொண்டாடுவதில்லை. ஆனாலும் பஸ் இலவசம். தலைமை லிகிதர் இராசநாயகம் நல்லூரில் தானே அரசனாக நின்றுகொண்டார். கோட்டைக்குள் இருக்கும் ஒல்லாந்தர் தேவாலயத்துக்கு ஒரு துரைசாணி தேவைப்பட்டாள்.

"கூத்து உடுப்பு சரிவராது, மினுங்கும். உங்கடை வேதக்கார ஆக்களிட்டை வெள்ளைக் கவுண் இருக்குமெல்லே, பிள்ளை?" என்று கேட்டார் இராசநாயகம். சைவக்காரரான அவருக்கு அது வெறும் உடுப்பு.

"ஓம், இருக்கு."

அவ்வளவு விரைவாக அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை. அம்மாவிடம் கூத்து உடுப்பென்றே சொன்னாள். அம்மா பூசைக்குப் போன நேரம் பார்த்துக் கவுணைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

ஒல்லாந்தச் சிப்பாயாக வேசம் போட்ட கந்தோர்ப் பியோன் சிமியோனின் மரத்துவக்கைக் கோட்டை வாசலில் ஆமிக்காரன் வாங்கி வைத்துவிட்டான். "வெறுங்கையோடை கோட்டை பிடிக்க வந்த ஒல்லாந்தன் நான்தான், தங்கச்சி" என்று சிரித்தவன், அவள் உடுத்து வந்ததைக் கண்டதும் நிறுத்தினான்.

"உது உன்ரை கலியாணக் கவுணெல்லே? தாலி ஏற முன்னம் ஆரும் போடுவினமே, விசரி?"

"பஸ் வந்திட்டுது, அண்ணை."

தேவாலயத்தின் தரையெங்கும் கல்லறைக் கற்கள். ஒன்றின்மேல் நின்று, இராசநாயகம் எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். "நான் தளபதியின் மனைவி. என் கணவர் பத்தாவியாவுக்குப் போயிருக்கிறார். அடுத்த கப்பலில் வந்துவிடுவார்."

"எந்தக் கப்பல், பிள்ளை? இஞ்சை கப்பல் வாறது நிண்டு கனகாலம்!" என்றாள் சாவகச்சேரியிலிருந்து வந்த ஒருத்தி. கூட்டம் சிரித்தது. அற்புதராணியும் சிரித்தாள்.

ஒரு கூட்டம் போய் அடுத்தது வரும்வரை வௌவால்களின் சத்தம் மட்டும் இருந்தது. கால் உளைந்தது. உட்கார்ந்தால் கவுண் கசங்குமென்று நின்றாள். கசங்கினால்தான் என்ன என்று பிறகு நினைத்தாள். ஆனாலும் நின்றாள். எதிரே வாசலில் சிமியோன், இல்லாத துவக்கைப் பிடித்தபடி விறைப்பாக நின்றான்.

கடைசிக் கூட்டத்தின் பின்னால் அம்மா நின்றாள். கையில் சோற்றுப் பார்சல். நாலு பேருக்கு முன்னால் வாய் திறவாத மகள் கதைப்பதைக் கேட்கவென்று, சொல்லாமல் வந்திருந்தாள். அம்மாவின் சிரித்த பார்வை மகளின் முகத்திலிருந்து மெல்ல இறங்கி, கவுணின் கழுத்தில் தன் கையால் நூலில் பின்னிய றேந்தையில் வந்து நின்றது.

"அடுத்த கப்பலில்..." என்று தொடங்கினாள் அற்புதராணி.

அம்மா சனங்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்ன வேலை பாத்தனி! கழட்டடி உதை. சூசைதாசன் வந்து நிண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?" பார்சலைக் கீழே வைத்துவிட்டு, புழுதியில் கிடந்த கவுண் கரையைக் குனிந்து தூக்கினாள்.

காலையிலிருந்து கதைத்துப் பழகிய அதே உரத்த குரலில்தான் அற்புதராணிக்குச் சொல்ல வந்தது.

"அவர் வரமாட்டார், அம்மா. அங்கை ஒருத்தியைக் கட்டிட்டார்."

குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று கூட்டம் காத்து நின்றது. அம்மா நிமிரவில்லை. அப்படியே குந்தி, கவுண் கரையை மடியில் வைத்து, ஒட்டியிருந்த புழுதியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தாள்.