சாகப் போகிறாள் என்பதற்குச் சான்று

என் அக்கா சாகப் போகிறாள் என்று எழுத்தில் தந்தால் என்னை உள்ளே விடுவதாக அவள் நாட்டு அரசாங்கம் சொன்னது. அது என் நாடும்தான், அங்கேதான் பிறந்தேன். பிழைக்கப் போன இடத்தில் கடவுச்சீட்டை மாற்றிக்கொண்டிருந்ததால், தொற்றுக்காலம் வந்ததும் வெளிநாட்டுக்காரியாகிவிட்டேன். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவு அடைப்பு.

அதையெல்லாம் விதி என்று சொல்ல இப்போதும் கூசுகிறது. விதி என்றால் சற்று நேரமாவது ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? பெற்றோரோ பிள்ளையோ கணவன் மனைவியோ சாகக் கிடந்தால் மட்டும் வரலாம் என்று தொடங்கினார்கள். கூடப்பிறந்தவர்கள் சொந்தத்தில் சேர்த்தி இல்லையாம். யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தம்பி இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் கூடப்பிறந்தவர்களும் சொந்தமானார்கள். பிறகு மருத்துவர் கடிதம் கேட்டார்கள். அதில் ‘கவலைக்கிடம்’ என்றிருந்தால் போதாது, ‘பிழைக்க வழியில்லை’ என்றே இருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில், நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரே அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அவருடைய அந்தரங்கத்தைக் காப்பதற்காகவாம். செத்த பாம்பை அடிக்கிறவனுக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது.

இந்த அறிவிப்புகளை ஒன்றுவிடாமல் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் அத்தான், அக்காவின் கணவர். நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்குக் ‘கெஜட்’ என்று பெயர், வைத்தது அக்காதான். விடிந்ததும், அக்காவைச் சேர்க்காத குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு புது விதியைப் போடுவார். பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போயிராத சித்தப்பாக்கள்கூட அதற்குக் கீழே கும்பிடு போடுவார்கள். கதவு இறுக இறுக அவருக்கு உடம்பு தேறியது.

அக்காவுக்குக் கணையத்தில் புற்று. அவளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லியிருந்தார்கள். சாகிறவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எங்கள் குடும்பத்தில் ஒரு நோய் முறைப்படி நோயாகும். இதில் நானும் சேர்த்தி. தொலைபேசியில் அவளிடம் வயிற்றுப்புண்ணுக்கு மோர் நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

“அத்தான், எப்படியாவது கையெழுத்து வாங்கிடுங்களேன்” என்று கெஞ்சினேன்.

“என்னன்னு சொல்லி வாங்கறது? உங்க அக்கா பால் கவரையே படிச்சுப் பாத்துட்டுத்தான் வெட்டுவா.”

உண்மைதான். பெரிய பலசரக்குக் கடை ஒன்றில் கல்லாக்காரர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராக இருந்தவள் அவள். சில்லறைச் சீட்டில்கூடப் படிக்காமல் கையெழுத்திட மாட்டாள்.

“அப்ப உண்மையைச் சொல்லிடுங்க.”

“சொன்னா அந்த நிமிஷமே போயிடுவா. நீ அங்க உக்காந்துக்கிட்டு என்ன வேணா பேசலாம். விதி மாறும், பொறு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துக்கொண்டிருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கிடங்கு ஒன்றில். கண்ணாடிக் கூடுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, முகவரி ஒட்டி, நகரும் பட்டையில் ஏற்றிவிட வேண்டும். அக்கா ஊருக்கும் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அனுமதி அலுவலகத்தை அழைத்தேன்.

“சிஸ்டர் இறந்துட்டாங்களா, மேடம்?” என்றாள் ஒரு பெண், தேன் சொட்டும் குரலில்.

“இல்லை. உயிரோட இருக்காங்க.”

“அப்ப அந்தக் கையெழுத்து இல்லாம முடியாது மேடம். இறந்துட்டாங்கன்னா இறுதிச்சடங்குப் பிரிவுக்கு மாத்திடுவோம், உடனே கிடைச்சிடும்.”

“உயிரோட இருக்கறதுதான் தடைங்கறீங்க.”

“நாங்க அப்படிச் சொல்லலை மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை.

இதற்கிடையில் அக்காவின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாதாரணமாக ஒரு மணி நேரம் ஊர் வம்பு அளப்பவள், ‘சாப்டியா, தூங்கு’ என்று முடித்தாள். வலி என்று நினைத்தேன். ஒரு நாள் கிடங்கின் சாப்பாட்டு அறையிலிருந்து பேசினேன்.

“நீ வேலையைப் பாரு. வேலைதான் முக்கியம்” என்றாள்.

“என்னக்கா, ஒரு மாதிரி பேசறே?”

“ஒண்ணுமில்ல. மாடி வீட்டுக்காரர் பையன் வந்திருக்கான். நீ இருக்கற ஊருதானே அவனும்? ‘இவன் மட்டும் எப்படி வந்தான்?’னு உங்க அத்தான்கிட்ட கேட்டேன். ‘அவனுக்கு மனசு இருந்துது, வந்தான்’ங்கறாரு. லீவு போட்டா வேலை போயிடும்னு உனக்குப் பயமாமே? அதை நீயே சொல்லியிருக்கலாம்லடி. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?”

மாடி வீட்டுக்காரர் சாகக் கிடந்தார். அதனால் மகனை விட்டார்கள். அதைச் சொன்னால் அக்கா அடுத்த கேள்வியைக் கேட்பாள் என்று அத்தானுக்குத் தெரியும். தன் பொய் உடையாமலிருக்க என்னை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மனிதர் கட்டட அனுமதிப் பிரிவில் கற்றதில் இது ஒன்றுதான் தேறியது போலும்.

வெந்நீர் இயந்திரத்தில் சாய்ந்து நின்றேன். வாயை மூடிக்கொண்டால் அவள் நிம்மதியாகச் சாவாள் என்றார்கள். என்ன நிம்மதி? தங்கை தன்னையும் சம்பளத்தையும் தராசில் வைத்துப் பார்த்துச் சம்பளத்தை எடுத்துக்கொண்டாள் என்ற நிம்மதி.

“அக்கா, என்னை விடமாட்டேங்கறாங்க. ஒரு கடுதாசி வேணும்.”

“என்ன கடுதாசி?”

“நீ பிழைக்க மாட்டேன்னு டாக்டர் எழுதணும். நீ படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்.”



“புண்ணுக்கா இப்படி எழுதுவாங்க?” என்றாள்.

“புண்ணு இல்லக்கா.”

வைத்துவிட்டாள்.

அன்று மாலை அத்தான் அழைத்தார். “கொன்னுட்டே. சந்தோஷமா? பச்சத்தண்ணி குடிக்கமாட்டேங்கறா. என் மூஞ்சியைப் பாக்கமாட்டேங்கறா.” இரண்டாவது குற்றச்சாட்டுதான் அவர் குரலில் அதிகம் கனத்தது. மறுநாளும் அக்கா எடுக்கவில்லை. நான் பெட்டிகளில் முகவரியை மாற்றி மாற்றி ஒட்டி மேலாளரிடம் திட்டு வாங்கினேன். அதற்கும் அடுத்த நாள் கடிதத்தின் படம் வந்தது. கீழே அவள் கையெழுத்து, சற்றும் கோணாமல். பின்னாலேயே பதிவாக அவள் குரல், அழுது கட்டிப்போன குரல்: “டாக்டர் எழுத மாட்டேன்னாரு. ‘எழுதலேன்னா உங்க நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்’னேன். சீக்கிரம் வந்து தொலைடி. இந்த மனுஷன் மூஞ்சியவே பாத்துக்கிட்டுச் சாக என்னால முடியாது.”

போய் இறங்கியதும் ஒரு விடுதி அறையில் அடைத்தார்கள். ஒரே ஒரு முறை, சுகாதார ஊழியர் துணையோடு, தலை முதல் கால் வரை மூடிய உடையில் போய்ப் பார்த்துவரலாம் என்பது அந்த வாரத்து விதி. அக்கா எல்லாம் வற்றிப்போய் வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். கண் மட்டும் பழையபடி கல்லாவைக் கண்காணித்தது.

“யாரிது? தேன்கூடு எடுக்க வந்தவங்களா?”

“நான்தான்கா.”

வாசலில் அத்தான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, “தொடக் கூடாது. கட்டிலுக்கும் உனக்கும் ஆறடி...” என்று வாசிக்கத் தொடங்கினார்.

“ஏங்க, கதவைச் சாத்திட்டு வெளிய நின்னு படிங்க. எனக்கு நல்லாக் காது கேக்கும்” என்றாள் அக்கா.

சுகாதார ஊழியர் வெளியே எதையோ பார்ப்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஊரில் நான் கண்ட ஒரே நாகரிகமான மனிதர்.

“ஏண்டி முதல்லயே சொல்லல?”

“எல்லாரும் வேணாம்னாங்க.”

“சாகப்போறது எல்லாருமா, நானா?” மூச்சு வாங்கியது. “ரெண்டு நாள் அழுதேன். உன்னைக் கண்டபடி திட்டினேன். அப்புறம் அலுத்துப்போச்சு. வேலை போயிடுச்சா?”

“தெரியாது. சொல்லாம வந்துட்டேன்.”

“அப்படிப் போடு.” சிரிக்கப் பார்த்தாள், இருமலாகிவிட்டது. கையுறை போட்ட என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஊழியர் இருமிக் கூப்பிடும்வரை எடுக்க விடவில்லை.

நான் விடுதியில் இருக்கும்போதே போய்விட்டாள். இறுதிச்சடங்குப் பிரிவில் கையொப்பம், கடிதம் எதுவும் கேட்கவில்லை. விடுதியை விட்டுச் சடங்குக்குப் போக அனுமதி கேட்டதும் கிடைத்தது.

துக்கம் கேட்க உறவினர்கள் கூடத்தில் நிறைந்திருந்த அன்றுதான், வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான கட்டுப்பாடுகள் அனைத்தும் தேவையற்றவை என்று நீக்கப்பட்ட அறிவிப்பு வந்தது. அத்தான் அதையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைக் காட்டினார்.

“கொஞ்சம் பொறுத்திருந்தா இவ சும்மாவே வந்திருக்கலாம். தான் வரணும்கிறதுக்காகச் சாவை அவ காதுல போட்டா. இல்லேன்னா இன்னும் நாலு நாள் இருந்திருப்பா.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“இருந்திருப்பா, அத்தான்” என்றேன். “எனக்கு மனசில்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பா.”