சிவப்பு மருந்து

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த விளையாட்டுக் குழுவில் இடிதாங்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் எதிரி ஓங்கி விடுகிற அடியையெல்லாம் முன்னால் நின்று வாங்கிக்கொள்வது அவன் வேலை. அவன் வாங்கினால்தான் பின்னால் நிற்பவர்கள் நிம்மதியாகச் சண்டை போட முடியும். "வீட்லயும் அதே வேலைதான பாக்குறீங்க, அதுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் வேறயா?" என்பாள் மனைவி.

அடி வாங்குகிறவன் செத்துத் தொலையாமல் பார்த்துக்கொள்ள ஒரு வைத்தியர் வேண்டுமில்லையா? அவர்தான் டாக்டரம்மா. நிஜத்தில் டாக்டரெல்லாம் இல்லை. பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் மெழுகும் அரமுமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர். விளையாட்டில் அவர் தன் பையிலிருந்து ஒரு பச்சிலையை எடுத்து வீசினால் இடிதாங்கியின் மேல் பச்சை வெளிச்சம் விழும், போன உயிர் திரும்பும். அது பிந்தி வந்ததாகச் சரித்திரமே இல்லை. குழுவில் யாருக்குப் பரீட்சை, யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு பேர் முட்டிக்கொண்டால், "மொதல்ல ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்" என்று விரட்டுவார். வயிறு நிறைய சாப்பிட்டு வருகிறவனுக்கு எங்கிருந்து சண்டை வரும்? அந்த விளையாட்டுக்கு வெளியே அவரைப் பிடிக்க யாரிடமும் ஒரு போன் நம்பர்கூடக் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை, அவர்தான் எப்போதும் அங்கேயே இருந்தாரே.

இடிதாங்கிக்கு அவர்மேல் தனிப் பிரியம். லிஃப்ட் குழியில் விழுந்து கால் உடைந்து அவன் மாசக்கணக்கில் கட்டிலோடு கிடந்த காலம் ஒன்று உண்டு. பார்க்க வந்தவர்கள் காலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா மட்டும், "கால்தான ஒடஞ்சிருக்கு, கை நல்லாத்தான இருக்கு? வந்து முன்னாடி நில்லுங்க, எங்களுக்கு ஆள் இல்ல" என்று தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இனி நம்மால் யாருக்கு என்ன உபயோகம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட வார்த்தை! அதற்காக அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்வான். செய்தும் தொலைத்தான், அதுதான் வினையாகப் போயிற்று.

கொஞ்ச காலமாகப் பச்சை வெளிச்சம் பிந்த ஆரம்பித்தது. சில சமயம் சம்பந்தமே இல்லாமல் வேறு யார்மேலோ போய் விழுந்தது. யாரும் கேட்காமலே டாக்டரம்மா ஒருநாள் ஹெட்போன் பேச்சில் சொன்னார், விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொள்கிறது, காலையில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை, பட்டறையில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று. சொல்லிவிட்டு, "போகட்டும் விடுங்க. இங்க ஒரு எடத்துலயாவது என் கை ஓடுதே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு, இங்கேயும் ஓடவில்லை அம்மா என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? இடிதாங்கிக்கு வரவில்லை. மூட்டைப்பூச்சியிடம் யோசனை கேட்டான். மூட்டைப்பூச்சி குழுவின் வில்லாளி, ஒளிந்திருந்து கடிப்பதால் அந்தப் பெயர். பிழைப்புக்கு ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவன். "அண்ணே, விளையாட்டுக் கடையில சிவப்பு மருந்து விக்கிறானே. அடி விழுந்ததும் நாமளே கமுக்கமா குடிச்சுக்குவோம். அவங்க வெளிச்சம் வர்றப்ப வரட்டும்" என்றான். மருந்து குடித்தால் உடம்பில் ஒரு சிவப்பு மினுக்கும், அவ்வளவுதான். அத்தனை களேபரத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

அதிலிருந்து, அடி விழவேண்டியதுதான் பாக்கி, இடிதாங்கியின் சுண்டுவிரல் தானாகப் போய் மருந்துப் பொத்தானை அழுத்திவிடும். ஜெயித்ததும், "டாக்டரம்மா இல்லன்னா இன்னிக்கு அம்பேல்" என்பான் இவன். "அம்பேல்தான்" என்று மூட்டைப்பூச்சி ஒத்து ஊதுவான். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார்கள், புத்திசாலிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டு உடைந்தது. அறையில் மனைவி கட்டில் நிறையத் துணியைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இடிதாங்கி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "என் பையில பச்சிலை கொறையவே மாட்டேங்குதே, ஏன்?"

உயிர் குறையாதவன்மேல் எறிந்த பச்சிலை, வெளிச்சத்தை மட்டும் காட்டிவிட்டுச் செலவாகாமல் பைக்கே திரும்பிவிடும்; இதை இவர்கள் யோசிக்கவே இல்லை. மூட்டைப்பூச்சி முந்திக்கொண்டு, "அது வந்து… இப்பல்லாம் ராட்சசனுங்க முன்ன மாதிரி அடிக்கிறதில்லீங்க" என்றான்.

"ஓஹோ. எல்லா ராட்சசனும் ஒண்ணா சேந்து திருந்திட்டானுங்களா?"

அதற்குமேல் பூசி மெழுக முடியவில்லை. இடிதாங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"பட்டறையில மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, உன் கை போச்சும்மான்னு. அழுதேன்தான். ஆனா அது மரியாதை" என்றார் டாக்டரம்மா. "இங்க ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சதும் நான் எந்திரிச்சுப் போயி வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன், இன்னிக்கும் நான்தான் எல்லாரையும் காப்பாத்தினேன்னு. சின்னப்புள்ள மாதிரி."

தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தான் இடிதாங்கி.

"நான் கெளம்புறேன்" என்றார் அவர்.

"ஐயோ, விளையாடக்கூட வேணாங்க. சும்மா வந்து எங்ககூட பேசிக்கிட்டாவது இருங்க."

"ஒப்புக்குச் சப்பாணியாவா? அதுக்கு வேற ஆளப் பாருங்க."

என்ன சொல்லி நிறுத்துவது? வாயில் வந்ததைச் சொன்னான். "ஒரே ஒரு ஆட்டம் டாக்டரம்மா. கல்ராட்சசனோட. நாங்க ரெண்டு பேரும் மருந்து பக்கமே போக மாட்டோம். ஜெயிச்சா நீங்க இருக்கணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கையில் இருந்த மருந்தையெல்லாம் அப்போதே கீழே கொட்டியிருக்கலாம். மடையனுக்குத் தோன்றவில்லை.

கல்ராட்சசன் லேசுப்பட்டவன் இல்லை. அவன் கையை ஓங்கினாலே திரை அதிரும். இடிதாங்கி முன்னால் போய் நின்றான். முதல் அடி விழுந்தது, பச்சை வெளிச்சம் வந்தது. இரண்டாவது அடிக்கு வெளிச்சம் பிந்தியது, ஆனாலும் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு பொத்தானுக்கும் மூச்சை இழுத்துப் பிடிப்பது ஹெட்போனில் கேட்டது. வலி அப்படி. போதும் என்று சொல்லிவிடலாமா என்று இவன் தவித்தான், சொன்னால் ஆட்டம் போய்விடும். சேதி எப்படியோ பரவி, குழுவில் மற்றவர்களெல்லாம் உள்ளே வந்து வேடிக்கை பார்க்க வழியில்லாததால் ஆட்டத்துக்கு வெளியே காத்திருந்து, என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று எழுதித் தள்ளினார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிகூட ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி வந்து பின்னால் நின்றுவிட்டாள்.

ராட்சசனுக்கு உயிர் இன்னும் கொஞ்சம்தான். மூட்டைப்பூச்சி அம்பாய்ப் பொழிந்தான். ராட்சசன் கடைசியாக ஒரு அடி விட்டான். இடிதாங்கிக்கு உயிர் நூலளவுதான் மிச்சம்.

"இருங்க, வந்துட்டேன்" என்றார் டாக்டரம்மா.

அவன் விரல் சும்மா இருக்கவில்லை. மனசு வேண்டாம் வேண்டாம் என்கிறது, பாழாய்ப்போன சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் தானாக நகர்ந்து அழுத்திவிட்டது. உடம்பில் சிவப்பு மினுக்கியது. கண் இமைப்பதற்குள் அதன்மேலேயே பச்சை வெளிச்சமும் வந்து விழுந்தது, முழுசாக, குறி தப்பாமல், அந்தக் காலத்தில் விழுமே அதே மாதிரி. கல்ராட்சசன் சரிந்தான்.

மூட்டைப்பூச்சி கத்தவில்லை. அவனும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டான்.

"ஜெயிச்சுட்டமா?" டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் வெரலையே பாத்துக்கிட்டிருந்தேன், திரையப் பாக்கல. இடிதாங்கி, மருந்து குடிச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவர் இருப்பார். இத்தனை நாள் எவ்வளவு சுளுவாக வந்த பொய்! ஆனால் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுவேன் என்றாரே, அது காதிலேயே நின்றது. அவனால் முடியவில்லை.

"குடிச்சேன். ஆனா டாக்டரம்மா, உங்க வெளிச்சம் வந்துடுச்சுங்க! ஒடனே பின்னாலயே வந்துச்சு. நான் குடிக்காம இருந்திருந்தாலும் பொழச்சிருப்பேன். நீங்கதான் காப்பாத்தியிருப்பீங்க. இந்த வெரல்தான் அவசரப்பட்டுடுச்சு."

"ஆமாங்க, நானும் பாத்தேன், நெஜமாவே வந்துச்சு" என்றான் மூட்டைப்பூச்சி.

"இத்தன நாளும் ரெண்டு பேரும் இதே கொரல்லதான் சொன்னீங்க" என்றார் டாக்டரம்மா. கோபம் துளிகூட இல்லை. "வந்திருக்கலாம். எனக்கும் வெரலு சரியா விழுந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?"

இடிதாங்கி மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"சரி. காலப் பாத்துக்கங்க. படி ஏறும்போது பாத்து ஏறுங்க" என்றார் அவர்.

"சத்தியமா வந்துச்சு டாக்டரம்மா… உங்கமேல சத்தியமா…" என்று அவன் கெஞ்சிக்கொண்டே இருந்தான். முன்னால் செய்த சத்தியம் என்ன ஆனது என்று அவனுக்கே உறைத்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"பச்சையாதான வந்துச்சு?" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "நான் பாத்தேனே. செவப்பு வந்து, ஒடனே பெருசா பச்சை."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். இவள் ஒருத்திதான் அந்தப் பொய்யில் இல்லாதவள். அவசரம் அவசரமாக ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, மைக்கை வாய்க்கு நேரே திருப்பினான். "சொல்லு. நீ பாத்தத அப்படியே சொல்லு, சீக்கிரம்!"

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நான் இவரு வீட்டுக்காரம்மா பேசுறேன். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. ஆனா பச்சை வெளிச்சம் வந்ததக் கண்ணால பாத்தேங்க. பொய் சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் இல்லீங்க. கேக்குதுங்களா?"

அவள் முகத்தையே இடிதாங்கி பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பதிலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தாள், பிறகு மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து மூட்டைப்பூச்சியின் குரல் சன்னமாகக் கேட்டது.

"அண்ணி, நீங்க பேசுறதுக்கு முன்னாலயே அவங்க விளையாட்டுக் கணக்கையே அழிச்சுட்டுப் போயிட்டாங்க அண்ணி."