கடைசி ரீலில் ஒலி இல்லை

1

மனிதன் பேசக் கற்றது ஆதிகாலத்தில். பேசாமல் இருக்கக் கற்றது எழுபதுகளின் சினிமாவில்.

இந்த வரியை எழுதிய பெருமையில் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், இது எங்கள் திரைப்படச் சங்கத் தலைவர் 'தாடி' கூட்டந்தோறும் சொல்கிற வரி. இருக்கட்டும். கதையே அவருடைய சங்கத்தில் பிறந்ததுதான்.

எழுபதுகளில் வந்த ஒரு படம், வந்த வாரமே பெட்டிக்குள் போய்விட்டது. சங்கத்திடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. வருடா வருடம் போட்டு, வருடா வருடம் வியந்தோம். மனைவி பெட்டியோடு வாசலில் நின்று, "நான் போகட்டுமா?" என்று கேட்பாள். அத்தோடு ரீல் மாறும். கடைசி ரீல் முழுக்க ஜன்னலோரம் நிற்கும் நாயகனின் முதுகு மட்டும்தான். சத்தமே இருக்காது. பிறகு விளக்கைப் போடுவார்கள். அவள் போய்விட்டாள் என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

அந்த மௌனத்தைப் பற்றித் தாடி மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றையும் பாராட்டினோம். அவற்றில் ஒன்றையாவது படித்தவர்கள் (வேண்டாம், விட்டுவிடுகிறேன்.)

2

அடுத்த பாத்திரம் என் அண்ணன். அவரும் சங்கத்து ஆள்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்ணாடி வாங்க வந்தவரிடம் குடும்பக் கதை முழுவதையும் கேட்காமல் அனுப்பமாட்டார். இப்படிப்பட்ட வாயாடி மௌனம் காத்தார் என்றால் யார் நம்புவார்கள்? நானே எழுதும்போது இரண்டு முறை அடித்துவிட்டேன். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அண்ணி செவிலி. வெளியூர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பும் நாளில் வாசலில் நின்று கேட்டார்: "ஒரு வார்த்தை சொல்லுங்க. இருன்னா இருந்துடறேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினார். எங்கள் ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும்.

"தொட்டியா பதில் சொல்லப்போகுது?" என்ற அண்ணி, என்னைப் பார்த்து, "தம்பி, உங்க அண்ணனுக்குக் கழுத்து ஏதும் பிடிச்சுக்கிச்சா?" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகே அண்ணன் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அந்தப் படத்துல வர்ற மாதிரியே இருந்துச்சில்லடா?" என்றார்.

அண்ணி திரும்பி வரவில்லை.

3

போன மாதம் அந்தப் படத்தைத் துடைத்துச் சீர்செய்து மறுபடி வெளியிட்டார்கள். சங்கமே போனது. கடைசி ரீல். அதே ஜன்னல், அதே முதுகு. திடீரென்று அந்த முதுகு பேசியது.

"போகாதே. எனக்குக் கேக்கத் தெரியல. போகாதே."

திரையில் தெரியாமல், அவள் பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம்.

எங்கள் பிரதியில் கடைசி ரீலின் ஒலி செத்துப்போயிருந்திருக்கிறது. அவன் முதுகைக் காட்டி நின்றதால் வாய் அசைந்தது யாருக்கும் தெரியவில்லை.

"சத்தத்தைச் சேத்துக் கெடுத்துட்டானுங்க" என்றார் தாடி.

4

இனி முடிவு.

(அ) இருட்டில் அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். (அழுதால் அவருக்குத் தும்மல் வரும். காட்சி கெடும்.)

(ஆ) வெளியே வந்ததும் அண்ணியைப் போனில் கூப்பிட்டு, "போகாதே" என்கிறார். "எங்க? நான் வந்து சேந்தே இருபது வருஷமாச்சு" என்கிறார் அண்ணி. (சிரித்துக்கொண்டே எழுதினேன். அடுத்த வரிக்குக் கை ஓடவில்லை.)

(இ) இரண்டு வரிசை பின்னால் அண்ணியும் உட்கார்ந்து

இல்லை. அவர் வரவில்லை.

5

நடந்தது இதுதான். விளக்குப் போட்டார்கள். அண்ணன் வரிசைக்குள் நுழைந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுபோச்சா? அந்த மௌனம் அப்படியே இருந்துச்சாடா?"

நான் வெள்ளைத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருக்கு என்ன பதில் சொல்வதென்று நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை.

அந்த முதுகு பேசியபோது அண்ணன் கழிப்பறையில் இருந்தார்.