வாசல் கண்ணாடியில் ஒரு வயிறு

பஸ் ஓட்டுகிறவளுக்கு முதுகு போனால் பிழைப்பும் போச்சு. வலி தாங்காமல்தான் அவள் பணிமனைக்கு அடுத்த தெருவில் இருந்த ஜிம்மில் சேர்ந்தாள். ஸ்டீயரிங் வயிற்றில் உரசும்; கிளட்ச்சை மிதித்தால் இடுப்பில் ஊசி இறங்கும். அழகைப் பற்றி அவள் யோசித்ததேயில்லை.

முதல் நாள் அந்த இடமே குமட்டியது. ஊரார் வியர்வையில் ஊறிய பலகை, ஈரத் துண்டுகளின் புளித்த வாடை, நாலு சுவரிலும் கண்ணாடி. திரும்பிய பக்கமெல்லாம் தன் தொப்பையே எதிரே வந்து நின்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். மழைக்காலம் முடிவதற்குள் தன் எடைக்குச் சமமான இரும்பைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தாள். வலி போன இடம் தெரியவில்லை. நிமிரும் அந்த நொடியில் யாரோ 'சபாஷ்' என்று முதுகில் தட்டுவதுபோல இருக்கும். வீட்டிலும் வேலையிலும் யாரும் தட்டிக்கொடுத்திராத முதுகு.

சேர்ந்த அன்றே ஜிம் மாஸ்டர் அவளைப் படம் எடுத்திருந்தார். "உங்க முன்னேற்றத்தை நீங்களே பார்க்கணுமில்ல மேடம், அதுக்குத்தான்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை, பிதுங்கி வழியும் கூட்டத்தோடு ஜிம்முக்கு எதிர் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தியவள் வெளியே பார்த்தாள். ஜிம்மின் வாசல் கண்ணாடி முழுக்க ஒரு பிளெக்ஸ். இடப்பக்கம் பனியனுக்குக் கீழே வயிறு சரிந்த அவள். வலப்பக்கம் கையை மடக்கிக் காட்டும் அவள். போலீஸ் பிடித்த திருடனுக்கு மறைப்பதுபோல இரண்டு முகத்திலும் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. மேலே கொட்டை எழுத்தில்: 'அருவருப்பு போச்சு! அழகு வந்தாச்சு!'

அவளுக்குப் பின்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"ச்சீ, அந்த வயித்தைப் பாருடி!"

"உவ்வே! சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடும்போல இருக்கு."

"வாயைக் கட்டியிருந்தா இந்த கதி வருமா?" என்றார் கம்பியைப் பிடித்து நின்ற பெரியவர். பஸ்ஸே சிரித்தது.

அவளும் சிரித்துவிட்டாள்.

ஒரு கணம்தான், யாரோ ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பதுபோல. உடனே வாயில் கசப்பு ஊறியது. விடியுமுன் எழுந்து, வலியை விழுங்கிக்கொண்டு, இத்தனை வருஷம் இந்த ஜனங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வயிறும் இடுப்பும்தானே? அதையா இவர்களோடு சேர்ந்துகொண்டு காறித் துப்பினோம்? தன் உதடுகளைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

"ரைட் ரைட்! அக்கா, போலாம்!" என்று பின்னாலிருந்து கத்தினான் கண்டக்டர் ஒல்லிப்பிச்சான். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

மாஸ்டர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். "வாங்க மேடம்! உங்களை எத்தனை பேர் விசாரிக்கிறாங்க தெரியுமா?"

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

"கண்ணைத்தான் மறைச்சிருக்கேனே. அதுவுமில்லாம அந்தப் பக்கம் இருக்கறது இப்ப நீங்க இல்லியே! அவ செத்துப் போயிட்டா மேடம்."

"அவதான் உங்க படியேறி வந்தா. நீங்க சொன்ன இரும்பையெல்லாம் தூக்கினதும் அவதான்."

வாசலுக்கு வந்து பிளெக்ஸைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தாள்; கிழியவில்லை. காலைச் சுவரில் ஊன்றி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். பசையோடு சர்ரென்று உரிந்து வந்தது. தடுக்க வந்த மாஸ்டர் அவள் கையைப் பார்த்து ரெண்டடி பின்வாங்கினார். சளிபோல விரல்களில் ஒட்டிய பசையை எதில் துடைப்பதென்று தெரியாமல் காக்கிச் சட்டையிலேயே தேய்த்தாள்.

சுருட்டிய பிளெக்ஸோடு அவள் ஏறியதும் பஸ்ஸில் சத்தம் அடங்கியது. "சாரி ஆன்ட்டி" என்றாள் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, குனிந்தபடி. வண்டியை எடுத்தாள்.

நடுவழியில் பஸ்ஸை விட்டுப் போனதாகப் பெரியவர் புகார் கொடுத்தார்; பணிமனை மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார். வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "நல்ல விளம்பரத்தைக் கெடுத்துட்டியே, ஞாயித்துக்கிழமையே நான் நாலு பேர்கிட்ட காட்டியிருந்தேன்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட அவளால் முடியவில்லை.

ரெண்டே வாரத்தில் அந்தக் கண்ணாடியில் வேறொருத்தியின் வயிறு தொங்கியது. எதிர் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தியவள் அதைப் பார்த்தாள். பின்னால் ஒருவன் கிளுக்கென்று சிரித்தான்.

"சிரிக்கிறவங்க இறங்கி நடங்க" என்றாள் திரும்பாமலே.

இப்போது பணிமனைக் கொல்லையில், ஷிஃப்டுக்கு முன்னால், பழைய லாரி டயரைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறாள். அங்கே கண்ணாடி கிடையாது. ஒல்லிப்பிச்சான் டீயை உறிஞ்சியபடி, "அக்கா, நாளைக்கு பஸ்ஸையே புரட்டிடாதீங்க, நான் உள்ள இருப்பேன்" என்பான்.